தறி யாருடையது?

செவிலிமேட்டிலே, பாலாற்றுப் பாலத்துக்குப் போகும் சாலையோரத் தேநீர்க் கடையிலே, சென்ற வாரம் ஓர் இளைஞர் என்னைப் பிடித்துக்கொண்டார். பட்டு நெசவாளியின் மகன். தகப்பனார் குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறார். மகன் கைப்பேசியில் சேலையின் படத்தைப் போட்டு விற்பனைக்கு வழி தேடுகிறார்.

"அண்ணே, சொந்தமா ஒரு வலைத்தளம் வைக்கணும். அடுத்தவன் இடத்துல வேணாம், நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்லயே வைக்கணும். புதுசா கத்துக்கிறவனுக்கு எந்த இயங்குதளம் நல்லது? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

கேட்டுவிட்டு அவர் தம் கதையைச் சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்கு முன், நகரத்திலே ஒருவரிடம் பணம் கட்டித் தளம் ஒன்று அமைத்தாராம். தகப்பனார் பெயரிலேயே தளம். இருநூறு சேலைகளின் படங்கள். வெளியூர்க்காரர்கள் நாலைந்து பேர் தொடர்ந்து வாங்கவும் தொடங்கினர். இரண்டாம் ஆண்டு அந்த மனிதர் மும்மடங்கு கேட்டார். இவர் முடியாது என்றார். ஒரு நாள் காலையில் பார்த்தால் தளத்தைக் காணோம்! தளத்தின் பெயரையும் அந்த மனிதர் தம் பெயரிலேயே பதிவு செய்து வைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"பேரு எங்கப்பாவுது அண்ணே. பூட்டும் சாவியும் அவருது."

கட்சி ஏட்டிலே கணினிக் கதையா என்று முகம் சுளிக்கும் தோழர்கள் உண்டு. அவர்களை ஒன்று கேட்கிறேன். காஞ்சிபுரத்து நெசவாளிக்கு இந்தக் கதை புதிதா? பாவும் ஊடையும் முதலாளியுடையவை, ஜரிகை முதலாளியுடையது, சில வீடுகளில் தறியே முதலாளியுடையது, உழைப்பு மட்டும் நெசவாளியுடையது! கோர்வை போட்டு, கண் பூத்து, இடுப்பு ஒடிய நெய்து கொடுத்தபின், சேலையை யார் வாங்கினார், என்ன விலைக்கு வாங்கினார் என்பதுகூட நெய்தவனுக்குத் தெரியாது. இந்த நிலையை மாற்றத்தானே கூட்டுறவுச் சங்கங்கள் கண்டோம்? காஞ்சிப் பட்டுக்கு 2005-06லே புவிசார் குறியீடு கிடைத்தபோது மகிழ்ந்தோமே, பெயர் நம்முடையது என்று சட்டம் ஒப்புக்கொண்டதே என்று! அந்தப் பெயரைச் சொல்லி விற்கிற கடைவாசல் மட்டும் இன்னொருவன் திண்ணையிலே இருக்கிறது.

பெரிய நிறுவனங்களின் பக்கங்கள் இருக்கின்றனவே, காசில்லாமல் கொடுக்கிறார்களே என்பார்கள். கொடுக்கிறார்கள், மறுக்கவில்லை. 2021 அக்டோபர் 4 இரவை நினைத்துப் பாருங்கள். முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்சப் மூன்றும் ஒரே நேரத்தில் நின்றன. ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகமே திகைத்தது. மூன்றுக்கும் முதலாளி ஒருவரே என்பதை அன்றைக்குத்தான் பலர் அறிந்தனர். 2009இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. 2019இல் கூகுள் பிளஸ் மூடப்பட்டது. அங்கே வீடு கட்டியவர்கள் மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தனர். குடிக்கூலி கேட்காத வீட்டுக்காரன், காலி செய்யச் சொல்லும்போது நம் விருப்பத்தையும் கேட்கமாட்டான்.

ஆகவே இளைஞரின் விருப்பம் நியாயமானது. அடுத்தது, 'நமக்கு வருமா?' என்ற அச்சம்.

நெசவாளிக்கு ஏன் வராது? 1804இலே பிரான்சு நாட்டு லியோன் நகரத்துப் பட்டு நெசவுக்காக ஜக்கார்டு என்பவர் ஒரு பொறியை அமைத்தார். துளையிட்ட அட்டைகள் வரிசையாக வந்து, எந்தப் பாவிழை எழவேண்டும், எது கிடக்கவேண்டும் என்று கட்டளையிடும். அந்தத் துளையட்டையைக் கண்டுதான் இங்கிலாந்துப் பாபேஜ் தம் கணக்குப் பொறிக்கு அட்டை வைக்க எண்ணினார். அதே வழியில் 1890இலே அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹோலரித் துளையட்டையால் எண்ணினார். இன்று காஞ்சிபுரத்துத் தறியின் தலைமேல் ஜக்கார்டுப் பெட்டி உட்கார்ந்திருக்கிறதே, கணினிக்கு அது பாட்டன்! அட்டையைக் கோத்துத் தறியில் மாட்டி, கரையிலே அன்னமும் மயிலும் வரவழைக்கிற கைக்குக் கணினி அந்நியமல்ல.

இப்போது விஷயத்துக்கு வருவோம். வலைத்தளம் என்பது சில கோப்புகள், அவ்வளவே. யாராவது கேட்கும்போது அவற்றை எடுத்துக் கொடுக்க, இரவும் பகலும் விழித்திருக்கும் ஒரு கணினி வேண்டும். அதைத்தான் சர்வர் என்கிறார்கள். அந்தக் கணினிக்குத் தறிச்சட்டம் போல அமைவது இயங்குதளம். சட்டம் ஆடினால் எவ்வளவு நல்ல பாவானாலும் சேலை கோணும்.

எந்தச் சட்டம்?

விண்டோஸ் எல்லோருக்கும் பழக்கமானது. பழக்கம் என்பதனாலேயே அது எளிது என்று நினைக்கிறோம். அதன் சர்வர் பதிப்புக்குக் காசு கட்டவேண்டும். அதன் வயதையும் நிறுவனமே தீர்மானிக்கும். வீட்டுக் கணினிகளில் இருந்த விண்டோஸ் 10க்குப் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ நல்ல கணினிகள், பழுது எதுவும் இல்லாமலேயே, 'பழையவை' ஆயின! உடல் நன்றாயிருக்கும்போதே ஓய்வு கொடுக்கப்பட்ட தொழிலாளியைப் போல.

மற்றொரு பக்கம் லினக்ஸ். 1991இலே பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அதற்கு முன்பே, 1983இல், ரிச்சர்டு ஸ்டால்மன் 'மென்பொருளைப் பயன்படுத்தவும், பிரித்துப் பார்க்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் எல்லோருக்கும் உரிமை வேண்டும்' என்று இயக்கமே தொடங்கியிருந்தார். இரண்டும் கலந்ததுதான் இன்று உலகின் பெரும்பாலான வலைத்தளங்களைத் தாங்கி நிற்கிறது.

ஆனால் லினக்ஸிலே நூறு வகை. எதைத் தொடுவது? இங்கேதான் தொடக்கக்காரர் தடுமாறுகிறார். 'அழகான திரை', 'விரைவான நிறுவல்', 'புத்தம் புதிய வசதி' என்று ஒவ்வொருவரும் ஒன்றைக் காட்டுகிறார்கள். சர்வருக்குத் திரையே தேவையில்லை, தோழர்களே! மூலையில் கிடந்து உழைக்கிற இயந்திரத்துக்கு முகப்பூச்சு எதற்கு? தொடக்கக்காரர் கேட்கவேண்டிய முதற்கேள்வி வேறு. நாளைக்கு இதை நம்மிடமிருந்து யாராவது பறிக்க முடியுமா?

சென்ட்ஓஎஸ் கதையைச் சொல்கிறேன். 2004 முதல் உலகெங்கும் ஏழை எளிய நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், வாடகைச் சர்வர் கடைகள் எல்லாம் நம்பியிருந்த இயங்குதளம் அது. ரெட் ஹாட் நிறுவனம் காசுக்கு விற்கும் பதிப்பின் மூலநிரலிலிருந்தே, காசில்லாமல் உழைத்துக் கொடுத்தனர் தொண்டர்கள். 2014இல் ரெட் ஹாட் அந்தத் திட்டத்தைத் தன் குடைக்கீழ் எடுத்துக்கொண்டது. நல்லதுதானே, ஆதரவு கிடைக்கிறதே என்றார்கள். 2019இல் ரெட் ஹாட்டையே ஐபிஎம் வாங்கிற்று. விலை 3,400 கோடி டாலர். அதே ஆண்டு சென்ட்ஓஎஸ் 8 வெளிவந்தது. 2029 வரை பராமரிப்பு உண்டு என்று நம்பி எல்லோரும் அதற்கு மாறினர். 2020 டிசம்பர் 8ஆம் நாள் வந்தது அறிவிப்பு: 2029 இல்லை, 2021 டிசம்பரோடு சரி! எட்டாண்டு ஆயுள் ஒரே அறிக்கையில் வெட்டப்பட்டது. அல்மா, ராக்கி என்று மாற்றுகள் 2021இல் எழுந்தன, நல்லவைதாம். ஆயினும் ஊர் ஊராக, நள்ளிரவில் உட்கார்ந்து சர்வர்களை மாற்றிய இளைஞர்களின் உழைப்புக்கு யார் கூலி கொடுத்தார்?

உபுண்டுவைப் பற்றிக் கேட்பார்கள். 2004இல் பிறந்தது, தொடக்கக்காரருக்கு எளிது, ஈராண்டுக்கொருமுறை வரும் நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்தாண்டு பராமரிப்பு உண்டு, எந்த ஐயம் எழுந்தாலும் எவரோ ஒருவர் எங்கோ விடை எழுதி வைத்திருப்பார். குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அதன் பின்னாலும் ஒரு நிறுவனம் இருக்கிறது. 2012இலே நம் கணினியில் நாம் ஒரு கோப்பைத் தேடினால், அமேசான் கடைப் பொருள்களையும் சேர்த்துக் காட்டும்படி அதை அமைத்தார்கள். எதிர்ப்பு எழுந்தது. 2016 பதிப்பில்தான் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். உன் வீட்டு அலமாரியைத் திறந்தால் உள்ளே கடைக்காரன் நின்றிருப்பதா?

உபுண்டு எதிலிருந்து பிறந்தது? டெபியனிலிருந்து. நம் சென்னையிலே மைய அரசின் சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் எதிலிருந்து? அதுவும் டெபியனிலிருந்து. தமிழக அரசு 2011இல் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் உள்ளே இருந்தது. பெட்டியைத் திறந்த அன்றே அதை அழித்துவிடச் சொன்ன 'அறிவாளி'கள் நம் தெருவிலேயே இருந்தார்கள். போகட்டும்.

ஆகவே வேருக்கே போ என்கிறேன் நான். டெபியன்! 1993 ஆகஸ்டு 16இல் இயன் மர்டாக் என்ற மாணவர் தொடங்கியது. அதற்கு முதலாளி இல்லை. விற்க ஆளில்லை, ஆகவே வாங்கவும் ஆளில்லை. ஏறக்குறைய ஆயிரம் உறுப்பினர்கள் உலகெங்கும் இருந்து உழைக்கிறார்கள். ஆண்டுதோறும் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1997இல் எழுதிய சமூக ஒப்பந்தம் ஒன்றுக்குக் கட்டுப்பட்டிருக்கிறார்கள். சங்கம் நடத்திப் பழகிய நம் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023 செப்டம்பரில் இவர்களுடைய உலக மாநாடு நம் பக்கத்துக் கொச்சியிலேயே நடந்தது. டெபியன் 13 என்ற பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது. ஒவ்வொரு பதிப்புக்கும் மூன்றாண்டு முழுப் பராமரிப்பு, அதன்மேல் ஈராண்டு நீட்டிப்பு. அவசரப்படமாட்டார்கள், புதுமைக்காகப் பறக்கமாட்டார்கள். மந்தம் என்று கேலி செய்வோரும் உண்டு. பட்டறிந்தவனுக்கு அந்த மந்தமே நிம்மதி. நிறுவும்போதே தமிழைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். படமுறை நிறுவலில் கேள்விகள் தமிழிலேயே வரும்.

'கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டுமே' என்றார் இளைஞர். அதற்கும் வழி செய்திருக்கிறார்கள் தொண்டர்கள். யுனோஹோஸ்ட் என்று ஒன்று; 2012 முதல் வளர்வது; டெபியன்மேல் உட்காருவது. அதைப் போட்டுவிட்டால், கைப்பேசியிலிருந்தோ வேறு கணினியிலிருந்தோ ஒரு பக்கத்தைத் திறந்து, வேர்ட்பிரஸ் வேண்டுமா, படத்தொகுப்பு வேண்டுமா என்று பொத்தானை அழுத்தி அமைத்துக்கொள்ளலாம். பூட்டுச் சின்னத்துக்கான சான்றிதழையும், 2015 முதல் காசில்லாமல் கொடுத்துவரும் லெட்ஸ் என்கிரிப்ட்டிலிருந்து அதுவே வாங்கிக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: டெபியனின் புதுப் பதிப்பு வந்ததும் யுனோஹோஸ்ட் உடனே அதற்கு மாறிவிடாது. அது எந்த டெபியனைக் கேட்கிறதோ அதையே போடவேண்டும், முந்திக்கொள்ளக் கூடாது.

இயந்திரம்? புதிது வாங்காதீர்கள். வீட்டிலே மூலையில் கிடக்கும் மடிக்கணினி போதும். அது 64 பிட் வகைதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய 32 பிட் கணினிகளுக்கு டெபியன் 13இல் நிறுவியே கிடையாது. மடிக்கணினியில் மின்கலம் இருப்பதால் கரண்டு போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும். ஆனால் ரௌட்டருக்கும் ஒரு சிறு மின்கலம் வேண்டும், இல்லாவிட்டால் கணினி விழித்திருந்தும் பயனில்லை. மின்கலம் உப்பியிருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். பட்டும் நூலும் இருக்கிற வீட்டில் தீயோடு விளையாட்டு வேண்டாம்.

மின்கட்டணக் கணக்கையும் போட்டுவிடுவோம். 10 வாட் இழுக்கும் சிறு கணினி நாள் முழுதும் ஓடினால் கால் யூனிட்டுக்கும் குறைவு. இரண்டு மாதக் கணக்கிலே ஏறக்குறைய 15 யூனிட். 80 வாட் இழுக்கும் பழைய மேசைக் கணினியானால் அதே இரண்டு மாதத்தில் 115 யூனிட்! வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டையும் அதுவே தின்றுவிடும். 'சும்மா கிடக்கிறதே' என்று மேசைக் கணினியைத் தூக்கி வைக்காதீர்கள்.

அடுத்ததுதான் மெய்யான இடைஞ்சல். இணையத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு எண் வேண்டும். நம் வீட்டு இணைப்புகள் பலவற்றில் அந்த எண் தனியாகக் கிடைப்பதில்லை. பல வீடுகளுக்கும் சேர்த்து ஒரே எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து எவரும் நம் வீட்டைக் கண்டுபிடித்து வரமுடியாது. நல்ல இயங்குதளத்தைப் போட்டுவிட்டு, தளம் திறக்கவில்லையே என்று தொடக்கக்காரர் தலையில் அடித்துக்கொள்வது இங்கேதான். குறை டெபியனில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. இணைப்பு கொடுப்பவரிடம் நிலையான தனி எண் கேட்கவேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. எண் கிடைத்தால், ரௌட்டரில் 80, 443 என்ற இரண்டு வாயில்களை மட்டும் திறந்து நம் கணினிக்கு வழிகாட்டினால் போதும். மற்றக் கதவுகள் மூடியே இருக்கட்டும்.

தனி எண் கிடைக்கவே இல்லையென்றால்? தொலைவிலுள்ள நிலையத்தில் மாத வாடகைக்கு ஒரு சிறு சர்வர் எடுக்கலாம். 'மறுபடி வாடகையா?' என்று கேட்பீர்கள். கேட்கவேண்டியதுதான். இதற்கும் அதற்கும் வேறுபாடு இருக்கிறது. அங்கேயும் அதே டெபியனைப் போடுகிறோம். கோப்புகளின் நகல் நம் வீட்டில் இருக்கிறது. தளத்தின் பெயர் நம் பெயரில் இருக்கிறது. இடத்துக்காரன் கூலியை ஏற்றினால், ஒரே மாலையில் பாவை அறுத்துச் சுருட்டிக்கொண்டு வேறு தறிக்குப் போய்விடலாம். கூலிக்காரனாய் இருப்பது வேறு, கட்டுண்டவனாய் இருப்பது வேறு.

பெயரைப் பற்றி இன்னொரு சொல். அந்த இளைஞர் இழந்தது கணினியை அல்ல, பெயரை. தளத்தின் பெயரைப் பதிவு செய்யும்போது உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயர், உங்கள் மின்னஞ்சல், உங்கள் கைப்பேசி எண் இருக்கவேண்டும். எவ்வளவு நம்பிக்கையான ஆளானாலும் சரி. தமிழ் எழுத்திலேயே '.இந்தியா' என்று முடியும் பெயரும் வாங்கலாம், ஆசைதான். ஆனால் வெளியூர் வாடிக்கையாளர் தட்டச்சு செய்யத் திணறுவாரே என்பதையும் எண்ணிப் பாருங்கள். நானாக இருந்தால் '.இன்' பெயரையே முதலில் வாங்குவேன். தமிழ்ப் பற்றுக் குறைந்துவிட்டது என்று எவரும் கடிதம் எழுதவேண்டாம்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. மின்னஞ்சல் சர்வரை வீட்டில் வைக்காதீர்கள். வீட்டு எண்ணிலிருந்து போகும் கடிதங்களைப் பெரிய நிறுவனங்கள் குப்பையில் தள்ளுகின்றன. வாங்குபவரின் பணம் நம் கணினி வழியே போகவேண்டாம். அதற்கு வங்கி இருக்கிறது. வாரம் ஒருமுறை நகலெடுத்து, அந்தத் தட்டைக் கணினியிலிருந்து பிரித்து வேறு வீட்டில் வைக்கவேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமே இறங்கும்படி டெபியனில் அமைத்துவிடலாம். அமைத்துவிட்டு மறந்துபோகாமல் மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்கவேண்டும். தறிக்கு எண்ணெய் போடாத நெசவாளி உண்டா?

'ஒரு குடும்பம் இவ்வளவும் செய்யுமா? நெய்வதா, இதைப் பார்ப்பதா?' என்று ஒரு மூத்த தோழர் கேட்டார். நேர்மையான கேள்வி. தனியாளுக்குச் சுமைதான். பத்து வீடு சேர்ந்தால்? ஒரே கணினியில் பத்துத் தளங்களை வைக்கலாம். அதற்குப் பெரிய இயந்திரமும் வேண்டாம். சங்கக் கட்டடத்திலே ஒரு மூலை, ஒரு நல்ல இணைப்பு, ஒரு தனி எண், அதன் செலவைப் பத்தாகப் பகிர்ந்தால் ஒரு வீட்டுக்கு எவ்வளவு ஆகிவிடும்? சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது, இருவரிடமாவது இருக்கவேண்டும், கணக்குப் புத்தகம் போலக் கடவுச்சொல் புத்தகமும் சங்கப் பெட்டியில் பூட்டியிருக்கவேண்டும். கற்றுக்கொடுக்கவும் ஆளில்லாமல் இல்லை. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினர் ஞாயிறுதோறும் கூடி, காசு வாங்காமல், தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறார்கள். பட்டு ஊருக்கு இப்படி ஒரு குழு இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

செவிலிமேடு பேரூராட்சியாக இருந்தது. 2011இல் காஞ்சிபுரம் நகராட்சியோடு சேர்ந்தது. 2021இல் அது மாநகராட்சி ஆனது. பலகைகள் மாறின. நெய்தவன் பெயர் சேலை வாங்குகிறவனுக்குத் தெரியாத நிலை மட்டும் பலகையோடு மாறிவிடவில்லை.

இளைஞர் தம் பள்ளிநாள் அரசு மடிக்கணினியை வைத்திருக்கிறாராம். மின்கலம் உப்பியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். பழைய தளத்தின் பெயர் இனிக் கிடைக்காது. தகப்பனார் பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்துப் புதிதாக ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார், இந்தமுறை தம் பெயரிலேயே. ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கத்து மாடியில் உட்காருகிறோம். டெபியன் ஏற்றிய பென் டிரைவை நான் கொண்டு வருகிறேன். ரௌட்டரின் கடவுச்சொல்லை மட்டும் சங்கச் செயலாளரிடம் கேட்டு வைக்கவேண்டும்.